நிலாச்சோறு முதல் திரைச்சோறு வரை

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அண்மையில் ஒரு மாலை நாம் கண்ட காட்சி, வாசகர்கள் நாள்தோறும் காண்பதே. மூன்று வயதுக் குழந்தை. எதிரே தண்ணீர்க் குவளையின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி. அதில் பொம்மைகள் ஆடிப் பாடுகின்றன. குழந்தையின் கண்கள் திரையைவிட்டு அகலவில்லை. தாய் இட்டிலியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து வாயருகே கொண்டுசெல்கிறார். வாய் தானாகத் திறக்கிறது, மெல்கிறது, விழுங்குகிறது, மறுபடியும் திறக்கிறது. தான் உண்டது இட்டிலியா தோசையா என்று கேட்டிருந்தால் அக்குழந்தைக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. மின்னூட்டம் தீர்ந்து திரை இருண்டதும் குழந்தை வீறிட்டது. வாயில் இருந்ததையும் துப்பியது. சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்க்க, அந்தத் தாய் கூனிக்குறுகிப் போனார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

பிள்ளைக்கு வேடிக்கை காட்டிச் சோறூட்டும் வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்தறிந்தாலன்றி, திரை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பொதுப் புலம்பலைத் தாண்டி ஓரடியும் நகர இயலாது. அந்த முயற்சியே இக்கட்டுரை.

உண்கலத்தில் கைவிட்ட பிள்ளை

பிள்ளை உண்ணும் காட்சியை நம் பழம்புலவர்கள் விரும்பிப் பாடியிருக்கின்றனர். புறநானூற்றின் 188ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. செல்வம் நிறைந்த பெருவீட்டில் பலரும் அமர்ந்து உண்ணும் பந்தியினிடையே தளர்நடையிட்டு வரும் குழந்தை, உணவைத் தொட்டுப் பிசைந்து, வாயிலிட்டு, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அப்படியொரு குழந்தை இல்லாத வாழ்க்கை பயனற்றது என்பது அம்மன்னன் கூற்று. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர், தம் பிள்ளையின் சிறுகை அளாவிய கூழைப் பெற்றோர்க்கு அமிழ்தத்தினும் மேலாக வைக்கிறார். இரு புலவரும் கொண்டாடுவது பிள்ளையின் கையை. உணவைத் தொட்டு அறிந்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை இறைத்துத் தன் விருப்பத்தின்படி உண்ணும் பிள்ளை அது.

நற்றிணையின் 110ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது, போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் செவிலியர் துரத்துகின்றனர். கையில் பூச்சுற்றிய சிறு கோலும் உண்டு. சிறுமியோ உண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடுகிறாள். நரைமூதாட்டியர் மெலிந்து ஓய்கின்றனர். அச்சிறுமி வளர்ந்து மணமாகிச் சென்ற வீட்டில் வறுமை நேர்கிறது. தந்தை வீட்டின் வளமான சோற்றை அவள் நினைத்தும் பாராமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்டு வாழ்கிறாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று வியக்கிறாள் தாய்.

வகுப்பறையில் இப்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். கற்பின் சிறப்பு, இல்லறத்தின் மாண்பு என்றே தேர்வுக்கு எழுதவைப்போம். ஆனால் தாயின் அந்த வினா உண்மையான வினா. தன்னடக்கம் என்பதைப் பிள்ளை எங்கே கற்கிறது? உணவும் தன்னடக்கமும் பிணைந்தவை என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்புலவர் உணர்ந்திருக்கிறார். மறுத்து ஓட இடமிருந்த ஒரு வீட்டில் அவள் வளர்ந்தாள் என்பதையும் நாம் சேர்த்துப் படிக்கலாம்.

இனி நிலாவுக்கு வருவோம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று அம்புலி. பிள்ளையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும் பகுதி. சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு வழிகளிலும் நிலவோடு வழக்காட வேண்டியிருப்பதால், பாடுவதற்குக் கடினமான பருவமாகப் புலவர்கள் இதைக் கருதினர். இந்த இலக்கிய மரபின் அடியில் இருப்பது வீட்டு முற்றத்துத் தாய்மாரின் வழக்கம். நிலவைச் சுட்டிக்காட்டி, கதை சொல்லி, கவளத்தை ஊட்டுவது.

ஆக, கவனத்தைத் திருப்பிச் சோறூட்டுவது பழைய உத்தியே. பழையது என்பதாலேயே அது புனிதமும் அன்று. பூச்சாண்டி வருவான் என்று அச்சுறுத்தி ஊட்டியதும் அதே முற்றத்தில்தான். உண்ணச் சோறின்றி நிலாவை மட்டும் கண்டு உறங்கிய பிள்ளைகளும் அதே ஊரில் இருந்தனர். எனினும் நிலாவுக்குச் சில இயல்புகள் உண்டு. அது பேசாது, பேசவேண்டியவர் ஊட்டுபவரே. அது விரைந்து மாறாது. சிறிது நேரத்தில் பிள்ளைக்குச் சலித்து, பார்வை மீண்டும் ஊட்டுபவர் முகத்துக்கும் கையிலுள்ள சோற்றுக்கும் திரும்பும். பிள்ளை வாயை மூடிக்கொண்டால் ஊட்டுபவருக்கு அது உடனே தெரியும். இம்மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கொட்டகைக் காலம்

சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் 1897இல் அசையும் படம் காட்டப்பட்டது. 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். இருபது ஆண்டுகளுக்குள் திரை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற கவலை அரசு வரை எட்டியது. 1927இல் இந்திய அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 1928இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. சிறுவரையும் இளைஞரையும் படங்கள் கெடுக்கின்றனவா என்பதும் குழு ஆராய்ந்தவற்றுள் ஒன்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1929 முதல் 1932 வரை, அமெரிக்காவில் பேய்ன் நிதியம் பெரும் பொருட்செலவில் ஆராய்ச்சிகளை நடத்தியது. ஒஹாயோ மாநிலத்தில் பிள்ளைகளின் கட்டில்களில் கருவிகளைப் பொருத்தி, படம் பார்த்த இரவுகளில் அவர்கள் எவ்வளவு புரள்கிறார்கள் என்றுகூட அளந்தனர். திரை மூளையை என்ன செய்கிறது என்ற வினாவைக் கருவிகொண்டு அளக்க முயன்ற தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று.

அக்காலத்துப் பெரியோர் அஞ்சியவை முத்தக்காட்சியும் திருட்டும் கொலையும். படத்தில் என்ன இருக்கிறது என்பதே அவர்களின் கவலை. கொட்டகையில் பிள்ளை என்ன தின்கிறது என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. இடைவேளையில் முறுக்கும் கடலை மிட்டாயும் சோடாவும் விற்ற சிறுவர்களே, திரையும் தீனியும் ஒன்றையொன்று தேடும் என்பதை முதலில் அறிந்தவர்கள்.

ஆனால் கொட்டகைக்கு ஒரு முடிவு இருந்தது. படம் முடியும், விளக்கெரியும், வீட்டுக்கு நடக்கவேண்டும். வீட்டில் சோறு தனியாகக் காத்திருக்கும்.

கூடத்துக்கு வந்த பெட்டி

நாம் வாழும் மேற்குப் புறநகர் தொழிலாளர்களால் உருவானது. அம்பத்தூரில் 1950களின் தொடக்கத்திலேயே சைக்கிள் ஆலை இயங்கியது. 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடியில், பத்தாண்டுகளில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 'விஜயந்தா' டாங்கியை வெளியிட்டது. ஷிப்டு மாறும் சங்கொலியை ஒட்டியே வீடுகளின் சோற்றுவேளை அமைந்தது. இரவு ஷிப்டு முடித்த தந்தை காலையில் உறங்குவார். பிள்ளைகள் சத்தமின்றி உண்ணவேண்டும்.

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. திருமுல்லைவாயிலில் நம் சிறுவயதில் தெருவுக்கு ஓரிரு பெட்டிகளே இருந்தன. வெள்ளி இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்க அண்டைவீட்டுக் கூடத்தில் போய் உட்கார்வோம். அங்கே உண்ணமுடியாது, உண்டுவிட்டுத்தான் போகவேண்டும். பிறர் வீட்டில் கை நனைக்கக் கூச்சம். அந்தக் கூச்சம் எத்தகைய வேலியாக இருந்தது என்பது அன்று நமக்குத் தெரியவில்லை.

வேலி மெல்ல மெல்லச் சரிந்தது. 1982இல் வண்ண ஒளிபரப்பு. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி. தொடர்ந்து கேபிள் கம்பிகள் மாடிக்கு மாடி தாவின. 2007இல் தமிழிலேயே பிள்ளைகளுக்கென்று சுட்டி டி.வி. வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2006இல், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி சென்றது. கூலிவீட்டுப் பிள்ளை பண்ணையார் வீட்டுச் சன்னலில் எட்டிப்பார்த்து அவமானப்பட்ட காலம் அதோடு முடிந்தது. அதை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் சோற்றுத்தட்டு அடுக்களையைவிட்டுக் கூடத்துக்கு வந்ததும் இக்காலத்தில்தான். பெரியவர்கள் தொடரைப் பார்த்துக்கொண்டு உண்டனர். பிள்ளைகளும் அவ்வாறே உண்டனர்.

மேனாட்டு ஆய்வாளர் இதற்குள் தட்டின் பக்கம் பார்வையைத் திருப்பியிருந்தனர். 1985இல் டீட்ஸ், கோர்ட்மேக்கர் என்ற இருவர், தொலைக்காட்சி மிகுதியாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் உடற்பருமனும் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினர். பருமனான பிள்ளைகள் ஓடியாடாமல் பெட்டிமுன் அமர்கின்றனரோ என்ற எதிர்வினா எழுந்தது. அதற்கு விடைகாண, தாமஸ் ராபின்சன் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் குறைக்கப் பயிற்சியளித்தார். 1999இல் வெளியான முடிவின்படி, அப்பள்ளிப் பிள்ளைகளின் உடல் எடை உயரத்துக்கு ஏற்ற அளவைவிட்டு மிகுவது மற்றப் பள்ளியினரைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் பெட்டிமுன் உண்ட வேளைகளும் குறைந்திருந்தன. 2009இல் அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையில், தின்பண்ட விளம்பரங்களோடு கேலிப்படம் பார்த்த பிள்ளைகள் வேறு விளம்பரங்களோடு பார்த்தவர்களைவிட 45 விழுக்காடு மிகுதியாகத் தின்றனர். தின்றது விளம்பரத்தில் வந்த பண்டம்கூட அன்று. கைக்கு எட்டியது எதுவோ அது.

கைக்குள் வந்த திரை

உலகெங்கும் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட திரைகளுள் ஒன்று நம் சென்னையிலேயே உருவானது என்பதை வாசகர்கள் சிலர் அறியாதிருக்கலாம். 2013இல் இந்நகரில் நண்பர்கள் சிலர் தொடங்கிய சுசு டி.வி., யூடியூபில் உலகின் மிகப்பெரிய குழந்தைப்பாட்டு அலைவரிசைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் தொடக்ககாலப் பெருவெற்றிகளுள் ஒன்று, சர்க்கரையைத் தின்றுவிட்டுத் தந்தையிடம் இல்லையென்று சாதிக்கும் சிறுவனின் ஆங்கிலப் பாட்டு. நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. ஆசையை அடக்கமாட்டாத பிள்ளையின் கதையைக் கேட்டவாறே எத்தனை பிள்ளைகள் எத்தனை கவளம் விழுங்கியிருக்கும்!

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் தண்ணீராய் மலிந்தது. பின்னர் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழகத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் கரும்பலகையும் விளையாட்டிடமும் தோழனும் தோழியும் எல்லாம் திரையே. பிள்ளை கையில் கைப்பேசி கொடுக்காதீர் என்று அதுவரை சொல்லிவந்த ஆசிரியர்களே, கைப்பேசி வாங்கிக்கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்கவேண்டியதாயிற்று. அவ்வாறு கேட்டவர்களுள் நாமும் உண்டு.

அந்தத் தாயைக் குறைசொல்லும் தகுதி நமக்கில்லை என்றோமே, காரணம் இதுதான். அப்போது நம் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயது. ஓர் அறையில் நாம் மடிக்கணினி முன் அமர்ந்து முகம் தெரியாத மாணவர்களுக்குச் சங்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தோம். அடுத்த அறையில் பிள்ளைக்குக் கைப்பேசி காட்டிச் சோறு ஊட்டப்பட்டது. முதலில் ஒருவேளைக்கு என்று தொடங்கியது மூன்று வேளையும் ஆயிற்று. பிள்ளை அடம்பிடிக்காமல் உண்டது, தட்டு காலியாயிற்று, வகுப்புக்கு இடையூறு இல்லை. நாம் மகிழ்ந்தோம். ஒருநாள் மிகுதியாக உண்டுவிட்டு வாந்தியெடுத்தபோது, ஏன் போதும் என்று சொல்லவில்லை என்று கேட்டோம். பிள்ளை விழித்தது. அப்போதுதான் உறைத்தது. பல மாதங்களாக அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து நாம் கேட்டதே இல்லை. புறநானூற்றுக் குழந்தையைப் பற்றிப் பக்கத்து அறையில் பாடம் நடத்திய நாமே, நம் பிள்ளையை வெறும் வாயாக ஆக்கியிருந்தோம்.

மூளையில் நிகழ்வது

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு உடனே எட்டுவதில்லை. இரைப்பை விரிவதை நரம்புகள் தெரிவிக்கின்றன. குடலில் சுரக்கும் இயக்குநீர்கள் பின்னர் தெரிவிக்கின்றன. இதற்குப் பதினைந்து இருபது நிமிடம்கூட ஆகலாம். அச்செய்தி வரும்போது அதைக் கேட்பதற்குக் கவனம் வேண்டும். கவனம் வேறிடத்தில் இருந்தால் செய்தி வந்தும் பயனில்லை. மேலும், உண்டது நினைவில் பதிந்தால்தான் அடுத்த வேளையின் பசி அளவாக இருக்கும். திரைமுன் உண்டதை மனம் சரியாகப் பதிவதில்லை என்பதைப் பெரியவர்களிடம் நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. அவர்கள் மாலையில் மீண்டும் மிகுதியாக நொறுக்குத்தீனி தின்றனர்.

சிறு பிள்ளைகளுக்கு இயல்பிலேயே அளவு தெரியும் என்பது லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரின் நீண்டகால ஆய்வின் சாரம். ஒருவேளை குறைவாகவும் மறுவேளை மிகுதியாகவும் உண்ணும் பிள்ளை, நாளின் மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. 1991இல் வெளியான அவரது ஆய்வு இதை அளந்து காட்டியது. தட்டைக் காலிசெய் என்று வற்புறுத்தும்போது அத்திறன் மங்குகிறது என்பதும் அவர் கண்டது. ஆக, திரைக்கு முன்பே நம் வற்புறுத்தலும் கேடு செய்திருக்கிறது. திரை அந்த வற்புறுத்தலை ஓசையற்றதாக ஆக்கிவிட்டது.

தன்னடக்கத்தின் இருப்பிடம் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. அது முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. பொறுத்தல், மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைச் செய்தல், கை நீளும்போது தடுத்துக்கொள்ளல் ஆகியவை பழகப்பழக வலுப்படும் திறன்கள். 2011இல் லில்லார்டு, பீட்டர்சன் இருவரும் நான்கு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரைச் சோதித்தனர். ஒன்பதே நிமிடம் விரைந்தோடும் கேலிப்படம் பார்த்த பிள்ளைகள், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிட இத்திறன்களில் உடனடியாகப் பின்தங்கினர். அத்தாக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அச்சோதனை சொல்லவில்லை. 2019 இறுதியில் வெளியான சின்சினாட்டி ஆய்வொன்று, 3 முதல் 5 வயதுவரையுள்ள 47 பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்தது. திரைப் பயன்பாடு மிகுந்த பிள்ளைகளிடம், மொழிக்கும் எழுத்தறிவுக்கும் துணைநிற்கும் நரம்புப் பாதைகள் முதிர்ச்சியில் சற்றுக் குறைந்து காணப்பட்டன. ஆனால் 47 பேர் சிறு எண்ணிக்கை. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. மூளை சுருங்குகிறது, உருகுகிறது என்று பரவும் அச்சங்களுக்கு இதில் ஆதாரமில்லை.

நமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது 2022 இறுதியில் ஜென்னி ரடெஸ்கியும் குழுவினரும் வெளியிட்ட மிச்சிகன் ஆய்வு. பிள்ளை அழும்போதெல்லாம் கைப்பேசி கொடுத்து அமர்த்துவது வழக்கமானால், அடுத்த சில மாதங்களில் அப்பிள்ளையின் சினமும் கொந்தளிப்பும் மிகுகின்றன. ஆண்பிள்ளைகளிடத்தும், இயல்பிலேயே துடிப்பு மிகுந்தவர்களிடத்தும் இது தெளிவாகத் தெரிகிறது என்று அவ்வாய்வு கூறியது.

இதை 1960களின் பிற்பகுதியில் வால்டர் மிஷெல் ஸ்டான்போர்டில் நடத்திய சோதனையோடு சேர்த்து எண்ணலாம். இப்போதே உண்டால் ஒரு தின்பண்டம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகளே பிற்காலத்தில் சிறந்தனர் என்ற புகழ்பெற்ற முடிவு, 2018இல் நடந்த மறுசோதனையில் பெரிதும் வலுவிழந்தது. வீட்டின் வசதியும் சூழலும் அதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் பிள்ளைகள் எவ்வாறு காத்திருந்தனர் என்ற கூற்று நிற்கிறது. கண்ணைப் பொத்திக்கொண்டனர், தமக்குள் பாடினர், பண்டத்தை வேறொன்றாகக் கற்பனை செய்துகொண்டனர். தம் கவனத்தைத் தாமே திருப்பினர். கைப்பேசி அந்தத் திருப்புதலை ஆயத்தமாகக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்குப் பழக வாய்ப்பில்லை.

போதும் என்ற சொல்

இப்போது நிலாவின் மூன்று இயல்புகளை மீண்டும் எண்ணிப்பார்ப்போம். ஊட்டுபவர் பேசவேண்டியிருந்தது, தொலைக்காட்சி அதைக் குறைத்தது, கைப்பேசி முற்றிலும் நீக்கியது. நிலா சலித்தது, கொட்டகை முடிந்தது, தூரதர்ஷன் இரவில் ஓய்ந்தது. கைப்பேசியில் ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. பிள்ளையின் மறுப்பு ஊட்டுபவருக்குத் தெரிந்தது. இப்போது பிள்ளைக்கே தெரிவதில்லை. 1927இல் பெரியோர் படத்தின் உள்ளடக்கத்தை எண்ணி அஞ்சினர். நாம் இன்று மணிக்கணக்கை எண்ணி அஞ்சுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இலும், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இலும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படவேண்டாம் என்று வரையறுத்துள்ளன. அவை தேவையே. ஆனால் அந்த ஒரு மணியும் சோற்றுவேளையாக இருக்குமானால் இழப்பு மணிக்கணக்கில் அடங்காது என்பதே இவ்வரலாறு நமக்குச் சொல்வது.

இதைச் சொல்லித் தாய்மாரை நீதிமன்றத்தில் நிறுத்த நமக்கு விருப்பமில்லை. நற்றிணைச் சிறுமியைத் துரத்தச் செவிலியர் கூட்டமே இருந்தது, அவர்களும் ஓய்ந்துபோனார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடை ஆலையில் நாள்முழுதும் நின்றுவிட்டு, மின்தொடர்வண்டியில் நசுங்கி ஆவடியில் இறங்கும் பெண்ணுக்குச் செவிலியர் எங்கே? நிலா காட்ட முற்றம் எங்கே? இரண்டு அறை வீட்டில் இரண்டாவது கையாக அவருக்குக் கிடைத்தது கைப்பேசி. தந்தையின் கை எங்கே என்று கேட்பது அதைவிடப் பொருத்தமான கேள்வி.

ஊரும் அரசும் கைகொடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது தமிழகத்தின் பெருமைக்குரிய வரலாறும் ஆகும். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய நண்பகல் உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாகி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி 2023இல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. பசி போக்குவதே இவற்றின் நோக்கம். ஆனால் இன்று அவை மற்றொன்றும் செய்கின்றன. வரிசையாக அமர்ந்து, பொங்கலோ கிச்சடியோ, தன் கையால் அளைந்து, பக்கத்துத் தட்டைப் பார்த்து, வேண்டுமென்றால் கேட்டு, போதுமென்றால் கைகாட்டிப் பிள்ளைகள் உண்கின்றன. பல பிள்ளைகளுக்கு நாளில் திரையின்றி உண்ணும் வேளை அதுவாகவே இருக்கக்கூடும். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் அவ்வேளையை அவசரமின்றி நடத்த ஆளும் நேரமும் தருவது, ஆயிரம் அறிவுரைக் கூட்டங்களைவிடப் பயன் தரும்.

நம் வீட்டுக் கதையின் எஞ்சிய பகுதி. பிள்ளையின் ஆயா ஒருநாள் கைப்பேசியை வாங்கித் தம் இடுப்பில் செருகிக்கொண்டு, கிண்ணத்தோடு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். முதல்நாள் இரண்டு வாய். மறுநாள் அதுவும் இல்லை. சில வாரங்கள் பிள்ளை இளைத்தது. நாம் அஞ்சி, கைப்பேசியைக் கொடுத்துவிடலாம் என்றோம். "பசிச்சா வரும், விடுங்க" என்றார் அவர். நிலா இல்லாத நாளில் ஆவடி வண்டியின் விளக்கு வரிசையைக் காட்டினார். கிண்ணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். பாதிச் சோறு மாடித்தரையில் சிந்தியது, காக்கைகள் பழகிப்போயின.

எத்தனையாவது வாரம் என்று நினைவில்லை. நாலைந்து கவளம் தானே அள்ளி உண்டபின் பிள்ளை கிண்ணத்தைத் தள்ளிவைத்து, "போதும் ஆயா" என்றது. கிண்ணத்தில் இன்னும் சோறு இருந்தது. ஆயா வற்புறுத்தாமல் வாயைத் துடைத்துவிட்டார். படிக்கட்டில் நின்றிருந்த நாம் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிவந்தோம். இப்போது பிள்ளை நான்காம் வகுப்பு. சில இரவுகளில் இன்றும் தொலைக்காட்சி முன் தட்டை ஏந்தி அமர்வதுண்டு. நாமும் அருகில் அமர்ந்துவிடுகிறோம். எனினும் பெரும்பாலான நாட்களில், எது தன் அளவு என்று அதற்குத் தெரிகிறது.